அறுபதுக்குப் பின் ஒரு பாரமான பயண வண்டி: மீட்டியோர் 350, ஹிமாலயன் 411

அறுபது வயதைக் கடந்த ஒருவர் தூரப் பயணத்துக்கென்று பாரமான மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க நினைத்தால், ‘இந்த வயதில் இது தேவையா’ என்று வீட்டுக்குள் கேட்பார்கள். ‘எத்தனை சிசி, எவ்வளவு வேகம் போகும்’ என்று வெளியே கேட்பார்கள். முதற்கேள்விக்கு அவரவர் உடல்நிலையும் அவரைப் பார்க்கும் வைத்தியரும்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வி நமது வயதினருக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஏனைய வீதிகளில் ஊரைத் தாண்டியதும் சட்டம் தரும் எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்துக்கு இப்போது வரும் 350 சிசி இயந்திரமே தாராளம். வயது முதிர்ந்த ஓட்டுநருக்கு ஒரு வண்டியின் குணம் தெரியவருவது அதை நிறுத்தி வைத்திருக்கும்போதும், நடை வேகத்தில் திருப்பும்போதும், நாலைந்து மணிநேரம் ஓடிவிட்டு இறங்கும்போதும்தான் என்பது என் உறுதியான கருத்து. இந்த மதிப்பீட்டை அந்த அளவுகோலை வைத்தே எழுதுகிறேன்.

ஒப்பிடுபவை இரண்டும் றோயல் என்ஃபீல்ட் வண்டிகள். ஒன்று 2020 நவம்பரில் இந்தியாவில் அறிமுகமான மீட்டியோர் 350. மற்றது 2016இல் வந்து, 2023இன் இறுதியில் 452 சிசி இயந்திரம் கொண்ட புதிய ஹிமாலயனுக்கு இடம்விட்ட பழைய ஹிமாலயன், அதாவது 411 சிசி வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது என்பதால், இங்கே ஹிமாலயன் 411 என்றால் பெரும்பாலும் அந்தத் தடைக்கு முன் வந்த கைமாறிய வண்டி என்றே கொள்ள வேண்டும். உலகத்தில் 300 கிலோவைத் தாண்டிய பயண வண்டிகள் எத்தனையோ உண்டு. ஆனால் 100 சிசியிலும் 125 சிசியிலும் பழகிய நமது கைகளுக்கு 190 கிலோ என்பதே பெரும் பாரம். நமது வீதிகளின் அகலத்துக்கும் அதற்கு மேல் தேவையில்லை. இரண்டு வண்டிகளையும் தெரிந்தவர்களிடம் வாங்கி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாறிமாறி ஓடிப் பார்த்தேன். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. என் தீர்ப்பை வாசிப்பவர்கள் இவற்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆரையம்பதிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் சொன்ன வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். “சேர், ஓடிப் பாக்கிறத்துக்கு முதல் நிமித்திப் பாருங்க. பிறகு பின்னால தள்ளிப் பாருங்க. அதுலயே பாதி தெரிஞ்சிரும்” என்றார். வண்டி பார்க்கப் போகும் நமது வயதினர் எல்லோருக்கும் இதையே நானும் சொல்வேன். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியின் இடப்புறம் நின்று, இரண்டு கைப்பிடிகளையும் பற்றி அதை நேராக நிமிர்த்துங்கள். பிறகு இருக்கையில் அமர்ந்து, சற்றுச் சரிவான இடத்தில் காலால் ஊன்றிப் பின்னோக்கித் தள்ளுங்கள். மீட்டியோரின் எடை 191 கிலோ, ஹிமாலயனின் எடை 199 கிலோ. எட்டுக் கிலோ வித்தியாசம் பெரிதல்ல என்றே எண்களைப் பார்ப்பவருக்குத் தோன்றும். நிமிர்த்திப் பார்க்கும்போது அது எட்டுக் கிலோ வித்தியாசமாகத் தெரிவதில்லை. அதைவிட மிக அதிகமாகத் தெரிகிறது.

அதற்குக் காரணம் பாரம் இருக்கும் உயரம். மீட்டியோரின் இருக்கை நிலத்திலிருந்து 765 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ளது, ஹிமாலயனுடையது 800. நிலத்துக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி முன்னதில் 170 மில்லிமீற்றர், பின்னதில் 220. இயந்திரமும் தாங்கியும் இருக்கையும் எல்லாமே ஹிமாலயனில் மேலே ஏறி நிற்கின்றன. இரண்டின் பெற்றோல் தாங்கியும் 15 லீற்றர் கொள்ளும். நிரப்பினால் அது மட்டும் ஏறக்குறைய 11 கிலோ. ஒரே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் இடறுவதற்கும் தலையில் வைத்துக்கொண்டு இடறுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். பாரமான வண்டி எதுவும் நேராக நிற்கும்வரை ஒரு விரலுக்கே அடங்கும். சில பாகை சாய்ந்தவுடன் அதன் எடை கைக்கு வரத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிட்டால் இருபது வயது இளைஞனாலும் பிடித்து நிறுத்த முடியாது. அந்தக் கடைசி எல்லை வருவதற்கு முன் உள்ளங்கால் முழுவதும் நிலத்தில் பதிந்திருந்தால் வண்டியைத் திருப்பி எடுக்கலாம். என் உயரத்துக்கு மீட்டியோரில் இரண்டு உள்ளங்கால்களும் முழங்கால் மடிந்தபடியே தரையில் பதிந்தன. ஹிமாலயனில் பாதத்தின் முன்பகுதி மட்டும் தொட்டது. வீதியோரம் வடிகானை நோக்கிச் சரியும் இடங்களில், அதுவும் தாழ்ந்த பக்கக் காலை ஊன்ற வேண்டி வந்தால், தொடுவதே சந்தேகம். மட்டக்களப்பு நகரில் வண்டி நிறுத்தும் இடங்களில் பாதி அப்படித்தான் சரிந்திருக்கின்றன.

நமது வயதில் வண்டியோடு விழுபவர்களில் பலர் ஓட்டத்தில் விழுவதில்லை. பெற்றோல் நிலையத்தில், வீட்டு வாசலில், மணலில் திரும்பும்போது, நின்ற இடத்திலேயே சரிந்து விழுகிறார்கள். இடுப்பெலும்புக்கு அந்த விழுகையே போதும். எனவே, விழுந்த வண்டியைத் தூக்கும் முறையையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குனிந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் முதுகுதான் போகும். முதலில் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். உருளாதிருக்க கியரில் விட வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால், இடப்பக்க ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிட வேண்டும். பிறகு இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியின் நுனியையும் மறு கையால் சட்டத்தின் உறுதியான பகுதியையும் பற்றி, முதுகை நேராக வைத்தபடி, பின்னோக்கிச் சிறு அடிகளாக நடந்து தொடைகளின் பலத்தால் தள்ள வேண்டும். ஒரு பழைய மெத்தையை விரித்து, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு, இரண்டு வண்டிகளிலும் இதைச் செய்து பார்த்தேன். மீட்டியோர் எழுந்தது. ஹிமாலயனும் எழுந்தது, ஆனால் பக்கப் பெட்டிகளைக் கழற்றிய பிறகுதான். பெட்டிகளோடு புணானைக் காட்டோரம் தனியாக அது சரிந்தால் என் நிலை என்ன என்று அப்போதே யோசித்தேன்.

இவ்வளவும் மீட்டியோருக்குச் சாதகம். ஆனால் ‘வயதானவருக்குத் தாழ்ந்த இருக்கை நல்லது’ என்று எல்லோரும் சொல்லும் வாக்கியம் பாதி உண்மை மட்டுமே. மீட்டியோரில் கால் வைக்கும் இடம் முன்னோக்கி இருப்பதால் முழங்கால் அதிகம் மடிவதில்லை; தேய்ந்த முழங்காலுக்கு இது பெரிய ஆறுதல், பொத்துவில்வரை போய் இறங்கியபோதும் என் கால் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் உடலின் முழுப் பாரமும் இடுப்புக்கும் முதுகுத்தண்டின் அடிக்கும் இறங்கிவிடுகிறது. எதிரே குழி தெரிந்தால் எழுந்து நின்று அதைக் கால்களால் வாங்கிக்கொள்ள இந்த அமைப்பில் முடியாது. ஹிமாலயனில் கால் வைக்கும் இடம் உடலுக்கு நேர் கீழே இருக்கிறது; குழி வரும்போது இருக்கையிலிருந்து சற்று எழுந்தால் போதும், அதிர்வு முதுகுக்கு ஏறுவதேயில்லை. அதன் முன்பக்கம் 200 மில்லிமீற்றரும் பின்பக்கம் 180 மில்லிமீற்றரும் அமுங்கி எழும். 21 அங்குல முன்சக்கரம் குழிக்குள் இறங்காமல் அதன் மேலாகவே ஏறிப் போய்விடும்.

ஆகவே எந்த வண்டி என்ற கேள்விக்குள் எந்த வீதி என்ற கேள்வி இருக்கிறது. எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்தில், கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில்வரை கடற்கரையோரம் இறங்கும் வீதி நல்ல காப்பெற் வீதி. வடக்கே வாழைச்சேனை, வாகரை, வெருகல் தாண்டி மூதூர் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் வீதியும் அப்படியே. இவற்றில் மீட்டியோரின் பின்பக்க ஸ்பிரிங்கை ஆளின் எடைக்கேற்ப இறுக்கி வைத்தால் போதும். ஆறு நிலைகளில் அதை மாற்றலாம், பலர் கடையிலிருந்து எடுத்த நிலையிலேயே கடைசிவரை ஓடுகிறார்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குள் இறங்கினால் கதை வேறு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைவரை போவது சுகம்தான். அதைத் தாண்டி உள்ளூர்க் கிராமங்களுக்குப் பிரியும் கிரவல் வீதிகளில், மாரி முடிந்த தை, மாசி மாதங்களில், உழவு இயந்திரங்கள் பதித்த தடங்களுக்கு நடுவே மீட்டியோரை மிக மெதுவாகவே ஓட்ட முடியும். ஹிமாலயன் அங்கே தன் வீட்டுக்கு வந்ததுபோல ஓடுகிறது.

உகந்தை முருகன் ஆலயத்துக்குப் போகும் பாதையை இதற்கு நல்ல பரீட்சை என்று சொல்லலாம். பொத்துவிலிலிருந்து பாணமைவரை எந்த வண்டியிலும் நிம்மதியாகப் போகலாம். பாணமைக்கு அப்பால் கிரவலும் இடையிடையே மணலும். கதிர்காமப் பாத யாத்திரைக் காலத்தில் வாகனங்கள் ஓடி ஓடி அந்தப் பாதை சிறு சிறு வரப்புகளாக எழுந்து நிற்கும். அதில் மீட்டியோரில் உட்கார்ந்தபடி போவது இடுப்புக்குப் பெருந்தண்டனை. ஹிமாலயனில் எழுந்து நின்றபடி மூன்றாம் கியரில் போனால் வண்டி தானே வழி பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதே பாதையில், மணல் திட்டில் முன்சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிட்டால், காலூன்ற எட்டாத உயரமும் மேலே நிற்கும் பாரமும் உடனே நினைவுக்கு வரும். ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேற்பட்டவருக்கு இந்தப் பயம் இல்லை. அப்படிப்பட்டவர், அதுவும் இடுப்பு வலி உள்ளவர், ஹிமாலயனைத் தயங்காமல் எடுக்கலாம். புதிய 452 சிசி ஹிமாலயனை இதற்கு மாற்றாகச் சொல்பவர்கள் அதன் வழக்கமான இருக்கை 825 மில்லிமீற்றரில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மீட்டியோர் 20 குதிரை வலுவும் 27 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தருகிறது. ஹிமாலயன் 24 குதிரை வலுவும் 32 நியூட்டன் மீற்றரும். சமதரையில் வித்தியாசம் தெரியாது. செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறும் வீதியில், பின்னால் ஆளும் பொதியும் இருந்தால், தெரியும். ஹிமாலயன் இரண்டாம் கியரில் எடுக்கும் வளைவு சிலவற்றில் மீட்டியோருக்கு முதலாம் கியர் தேவைப்பட்டது. ஏற்றத்து வளைவின் நடுவில் கியர் மாற்றத் தடுமாறி வண்டி நின்றுபோவதைப் போல ஆபத்து வேறில்லை. மீட்டியோர் எடுப்பவர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளப் பழக வேண்டும். மீட்டியோரின் கியர் மிதியைக் குதிகாலாலும் மிதிக்கலாம் என்பது கணுக்கால் இறுகியவர்களுக்கு நல்ல வசதி.

சக்கரங்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் தீர்ப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஹிமாலயன் 411இன் சக்கரங்கள் கம்பி கட்டியவை; டயருக்குள் டியூப் உண்டு. மீட்டியோரின் அலோய்ச் சக்கரங்களில் டியூப் இல்லாத டயர். வெலிக்கந்தைக்கும் புணானைக்கும் இடையிலோ, லகுகலைக் காட்டு வழியிலோ பின்னேரம் ஆணி ஏறினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டியூப் டயர் உடனே இறங்கிவிடும். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை எடுத்து ஒட்ட வேண்டும். பாரமான வண்டியின் பின்சக்கரத்தை வீதியோரம் தனியாகக் கழற்றிப் பூட்டுவது அறுபத்தைந்து வயதில் செய்யக்கூடிய வேலையல்ல; யானை நடமாடும் வழியில் இருட்டும்வரை நிற்பதும் நல்லதல்ல. டியூப் இல்லாத டயரில் காற்று மெல்லத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்கி, ரப்பர்த் திரியைப் பசையில் தோய்த்து, ஊசியால் துளைக்குள் செருகி, பிதுங்கும் நுனியை வெட்டிவிட்டு, சிறிய மின் பம்பால் காற்று அடித்தால் பயணம் தொடரும். சக்கரத்தைக் கழற்றும் வேலையே இல்லை. அந்தச் சாமான்கள் எல்லாம் ஒரு சிறு பையில் அடங்கும். கடலோரம் குடியிருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லடியிலும் கல்முனையிலும் உப்புக்காற்று கம்பிகளின் முனையில், அவை விளிம்போடு திருகப்படும் இடத்தில், முதலில் துருவை வைக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் கம்பி உள்ளே இற்றிருக்கும். மீட்டியோரிலும் அரோரா என்ற வகை கம்பிச் சக்கரத்தோடு வருகிறது. பார்வைக்கு அழகுதான், ஆனால் நமது தேவைக்கு அது வேண்டாம்.

கைமாறிய ஹிமாலயனைப் பார்க்கப் போகிறவர்கள் முன்சக்கரத்தின் பிரேக் தட்டுக்கு அருகே துளைகள் வெட்டிய சிறிய வளையம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த வளையம்தான், அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் அடையாளம். இந்தியச் சந்தை ஹிமாலயனில் 2018இல்தான் ஏபிஎஸ் சேர்ந்தது. அதற்கு முந்தியவற்றில் இல்லை. மழையில் நனைந்த வீதியில் மாடு குறுக்கே வந்தால் நமது கை இளமையில் இருந்ததைவிடத் தாமதமாகவே பிரேக்குக்குப் போகும். தாமதமாகப் போகும் கை அழுத்தமாகப் பிடிக்கும். ஏபிஎஸ் இல்லாத பாரமான வண்டியை எந்த விலைக்குத் தந்தாலும் வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. அடுத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரம் நிலத்தில் படாதபடி பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லிவிட்டு, கைப்பிடியை மெல்ல இருபுறமும் திருப்புங்கள். நடுவில் ஒரு படியில் விழுந்ததுபோல நின்றால் தலைப்பகுதிப் பெயரிங் தேய்ந்திருக்கிறது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்த கம்பி. பதிவுப் புத்தகத்தில் விற்பவரின் பெயர்தான் இருக்கிறதா, லீசிங் மீதி ஏதும் உண்டா என்பவற்றைப் பணம் கைமாறுவதற்கு முன் பார்க்க வேண்டும். 411 இப்போது உற்பத்தியில் இல்லை என்பதையும் விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

மனைவியையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள் அவரையும் வண்டி பார்க்கக் கூட்டிச் செல்ல வேண்டும். ஹிமாலயனின் பின்னிருக்கை ஓட்டுநரின் இருக்கையைவிட உயர்ந்தது. மூட்டு வலியுள்ள பெண்மணி அதில் ஏறுவதற்கு நம் தோளைப் பற்றி, கால் வைக்கும் கட்டையில் முழுப் பாரத்தையும் ஒரு பக்கமாக இட்டுத்தான் எழ வேண்டும். அந்தக் கணத்தில் வண்டியைச் சாயாமல் பிடிப்பது நம் கால்களின் வேலை. கால் முழுதாக எட்டாவிட்டால் இருவரும் சேர்ந்து விழுவோம். மீட்டியோரில் ஏறுவது எளிது. சூப்பர்நோவா வகையில் முதுகு சாயத் திண்டும் முன்னால் காற்றுத் தடுப்பும் சேர்ந்து வருகின்றன. என் மனைவி அதில் ஏறிக் கல்முனை போய்வந்த பிறகு வேறு வண்டி பற்றிப் பேசவே விடவில்லை. சேலையுடன் ஒருபக்கமாக அமர்ந்து தூரம் போவதை எந்த வண்டியிலும் தவிர்க்க வேண்டும்; பாரம் ஒரு பக்கமாக இழுக்கும்போது மெதுவான திருப்பங்கள் கைக்கு அடங்குவதில்லை.

கச்சான் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கிலிருந்து வாவியைக் கடந்து வரும் அந்தக் காற்று கல்லடிப் பாலத்தின் மேல் பக்கவாட்டில் தள்ளும்போது, உயர்ந்து நிற்கும் ஹிமாலயன் சற்று அசைகிறது. தாழ்ந்த மீட்டியோர் அவ்வளவு அசைவதில்லை. பெட்டிகள் மாட்டினால் இரண்டுமே அசையும். அப்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கால்களால் தாங்கியை அணைத்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பதே வழி.

எனவே, ஐந்தடி ஆறு அங்குலத்துக்குள் உயரமும் முழங்கால் தேய்மானமும் உள்ள, பெரும்பாலும் காப்பெற் வீதியிலேயே, பாதி நாட்கள் மனைவியோடு போகும் ஒருவருக்கு மீட்டியோர் 350தான் வண்டி. நானும் அதையே தெரிவு செய்திருக்கிறேன், அலோய்ச் சக்கரமுள்ள சூப்பர்நோவா வகையில். உகந்தைக்கு இனி பாணமைவரை வண்டியில் போய், அங்கிருந்து யாருடைய வாகனத்திலாவது ஏறிக்கொள்வதாக முடிவு. உயரமானவர்களும், இடுப்பு வலியால் இருந்தபடி அதிர்வைத் தாங்க முடியாதவர்களும், படுவான்கரையில் வயலோ பண்ணையோ வைத்திருந்து கிரவலில் அடிக்கடி போகிறவர்களும், 2018க்குப் பின் வந்த, உப்புக் காற்றில் நிற்காத ஹிமாலயன் 411 ஒன்று கிடைத்தால் அதை எடுக்கட்டும். மீட்டியோர் எடுப்பவர்கள் முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: பின் ஸ்பிரிங்கைத் தனியாக ஓடும்போது ஒரு நிலையிலும் மனைவியோடு ஓடும்போது இரண்டு நிலை கூட்டியும் வைத்துப் பார்த்து, தங்கள் முதுகுக்குப் பொருந்தும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், டயர்க் காற்றையும் ஆள் எண்ணிக்கைக்கேற்ப வண்டியின் கையேட்டில் உள்ளபடி கூட்டிக் குறையுங்கள்.